முழங்கை குருத்தெலும்பு ஆபரேஷன்: அறுத்தது சேலத்தில், தேறியது தர்மபுரியில்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு கிளம்பிக்கொள்ளலாம். சேலம் டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. நர்ஸுகளுக்கு நான்கு. அதே மருத்துவமனையின் பில்லிங் கவுன்டருக்கு ஒன்று, அதுவும் அங்கே ஏசி நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக. தர்மபுரியில் நாங்கள் போன சின்ன பிசியோதெரபி ரூமுக்கு ஐந்துக்கு ஆறு போட வழியிருந்தால் போட்டிருப்பேன். மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. பணம் வாங்குகிற இடத்தைப் பற்றி நான் சொல்லப் போவதை அவர்கள் ரசிக்க மாட்டார்கள், எனக்கோ இன்னும் ரிவ்யூவுக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

இதை எழுதக் காரணம், தமிழில் மூட்டு, குருத்தெலும்பு என்று எதைத் தேடினாலும் முழங்கால்தான் வருகிறது. முழங்கைக்கு ஆபரேஷன் என்று சொன்னால் சொந்தக்காரர்களே "எங்க விழுந்தா?" என்று கேட்டார்கள். எங்கேயும் விழவில்லை.

ஆபரேஷன் என் அக்கா மகளுக்கு (எங்களுக்குப் பாப்பா), பதினொன்றாம் வகுப்பு, பாலக்கோடு பக்கம் கிராமம். ஈட்டி எறிகிறவள். குறுவட்டப் போட்டியில் ஆரம்பித்து மாவட்டம் வரை வந்தவள், அவளுடைய பி.டி. மிஸ் மாநிலப் போட்டி என்ற கனவையும் கூடவே ஊட்டி வைத்திருந்தார். வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. முதலில் எறிந்த அன்றைக்கு மட்டும் இருந்தது, அப்புறம் குடம் தூக்கினாலும் வந்தது, அப்புறம் கையை முழுசாக நீட்ட முடியவில்லை. சில நேரம் மடக்கிய கை பாதியில் மாட்டிக்கொள்ளும், இன்னொரு கையால் பிடித்து மெதுவாக அசைத்தால் 'டக்' என்று விடும். அந்த 'டக்' சத்தத்தை அடுப்படியில் இருந்த அக்காவே கேட்டிருக்கிறாள்.

ஆயா, அதாவது அவளுடைய பாட்டி, சும்மா இருப்பாரா. எண்ணெய் காய்ச்சி, நீவி, துணி சுற்றிக் கட்டுப் போட்டு, அது சரிவராமல் கட்டுப் போடுகிற ஒருவரிடமும் கூட்டிப் போய், அவரும் "நரம்பு பிசகியிருக்கு" என்று இழுத்து நீவி விட்டிருக்கிறார். இதில் நான் யாரையும் நோகடிக்க வரவில்லை, நம்ம பக்கம் எலும்பு என்றாலே கட்டுதான், கட்டினால் கூடிவிடும் என்ற நம்பிக்கை மூன்று தலைமுறையாக இருக்கிறது. ஆனால் முழங்கை விஷயத்தில் டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: உடம்பிலேயே சீக்கிரம் இறுகிப் போகிற மூட்டு இது, வாரக்கணக்கில் கட்டி வைத்தால் வலி போகும் முன் அசைவு போய்விடும். அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவினால் சில பேருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்துவிடும், அதற்கப்புறம் அது தனி ஆபரேஷன். மசாஜ் வேண்டவே வேண்டாம், சூடான எண்ணெயாக இருந்தாலும் சரி, விலை உயர்ந்த ஜெல்லாக இருந்தாலும் சரி.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தோம். கையை நீட்டி வைத்து எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்த ஒரு இளம் டாக்டர் மறுபடி கையைப் பாதி மடக்க வைத்து, சுமார் 45 டிகிரி, ஒரு படம் எடுக்கச் சொன்னார், அதில்தான் மேல்கை எலும்பின் கீழ்முனையில், வெளிப்பக்கக் குமிழில், ஒரு நிழல் மாதிரி தெரிந்தது. "எம்.ஆர்.ஐ. எடுங்க, அதுவரைக்கும் ஈட்டியைத் தொடக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தார். காசு வாங்காமல் நோயைக் கண்டுபிடித்த அந்த மனிதருக்கு இந்த ரிவ்யூவில் மார்க் போட கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ.யில் வந்த பெயர் ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிசிகன்ஸ். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, விஷயம் இதுதான். முழங்கையில் மேல்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு. வெளிப்பக்கம் மேல் எலும்பில் உருண்டையாக ஒரு குமிழ், அதற்கு நேர் எதிரே முன்கை எலும்பின் தட்டையான தலை. எறியும்போது முழங்கையின் உள்பக்கம் இழுபடும், வெளிப்பக்கம் இந்த இரண்டும் ஒன்றோடொன்று நசுங்கும். பெண்கள் எறிகிற ஈட்டி 600 கிராம்தான், இதில் என்ன நசுங்கப் போகிறது என்று நானும் கேட்டேன். எடையை விட வேகமும், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுகிற அழுத்தமும்தான் காரணமாம். அந்தக் குமிழுக்கு ரத்தம் பின்பக்கமிருந்து சில மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் வருகிறது. வளர்கிற வயதில் அது போதாமல் போனால் குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பு செத்துப்போய், மேலே இருக்கிற வழவழப்பான மூடி ஆட ஆரம்பிக்கும், கடைசியில் பிய்ந்து மூட்டுக்குள் உருளும். கை மாட்டிக்கொண்டது அதனால்தான். வெளிநாட்டில் பேஸ்பால் எறிகிற பையன்களுக்கும் ஜிம்னாஸ்டிக் பிள்ளைகளுக்கும் இது அதிகம் என்றார்கள். குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் தானாக ஆறுவதும் கஷ்டம், ஆரம்பத்தில் வலித்துக் காட்டிக் கொடுப்பதும் இல்லை.

இனி டாக்டர் தேர்வு. பெங்களூரிலும் காட்டினோம், சேலத்திலும் காட்டினோம். பெங்களூரில் போன இடத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்த கால் மணி நேரத்தில் ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள், கூடவே கவுன்சிலர் என்று ஒரு அம்மா வந்து ஸ்டெம் செல் ஊசி பேக்கேஜ் ஒன்றையும் விரித்தார். சேலம் டாக்டர் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, எங்களையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு துண்டாக நகர்த்திக் காட்டிவிட்டு, "இப்ப ஆபரேஷன் வேண்டாம்" என்றார். மூடி இன்னும் முழுசாகப் பிரியவில்லை, இந்த நிலையில் எறிவதை அடியோடு நிறுத்தினாலே பல பிள்ளைகளுக்கு ஆறிவிடுகிறது, மூன்று மாதமாவது பார்க்கணும், ஆறு மாதம்கூட ஆகலாம் என்றார். ஸ்டெம் செல் ஊசியைப் பற்றிக் கேட்டதற்கு, "பிய்ஞ்சு கிடக்கிற துண்டை ஊசி வந்து ஒட்டாதுங்க" என்று முடித்துவிட்டார். நான் அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், கத்தி தேவைப்பட்டால் இவர்தான். முதல் நாளே தேதி கொடுக்கிறவரை விட, வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவரை நம்பலாம் என்பது என் கணக்கு.

ஆறவில்லை. எறியாமல் இருந்தும் கை மாட்டிக்கொள்வது நிற்கவில்லை. மறுபடி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அந்த மூடிக்கும் கீழே உள்ள எலும்புக்கும் நடுவில் நீர் புகுந்து வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அது தெரிந்தால் துண்டு ஆடுகிறது என்று அர்த்தம், இனி காத்திருந்து பயனில்லை.

பாப்பாவுக்கு இந்த இடத்தில் பயத்தை விட உற்சாகம் அதிகம். அவள் மொபைலைத் திறந்தாலே நீரஜ் சோப்ராதான். 2019 மே மாதம் அவருக்கும் வலது முழங்கையில் ஆபரேஷன், உள்ளே இருந்த எலும்புத் துணுக்குகளை எடுத்தார்கள், அந்த வருஷம் தோஹா உலகப் போட்டிக்குப் போகவில்லை, 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குத் தகுதி, 2021 டோக்கியோவில் 87.58 மீட்டரில் தங்கம். இதை டாக்டரிடம் ஒப்பித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துணுக்கு எடுக்கிறது வேறம்மா, அது பிஞ்சு வந்த குழியை நிரப்புறது வேற. உனக்குக் குழி எவ்வளவுன்னு உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது, ஆனால் எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

மூன்று வழி சொன்னார். துண்டு பெரிதாக, நல்ல நிலையில் இருந்தால் அதையே திரும்பப் பொருத்தி ஊசி மாதிரி ஆணிகளால் பிடிக்க வைப்பது. குழி சின்னதாக இருந்தால் துண்டை எடுத்துவிட்டு, ஓரத்தைச் சுத்தம் செய்து, அடி எலும்பில் பொடிப் பொடியாகத் துளை போடுவது. மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து உறைந்து, அதிலிருந்து ஒரு புது நார்க் குருத்தெலும்பு வளரும். மைக்ரோஃபிராக்சர் என்கிற இதை 1980களில் அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் முழங்காலுக்காகக் கொண்டுவந்தார். வளர்வது பிறவிக் குருத்தெலும்பு மாதிரி உழைக்காது, அதையும் மறைக்காமல் சொன்னார். மூன்றாவது, குழி பெரிதாகவோ குமிழின் வெளி ஓரத்தைத் தின்றோ இருந்தால், முழங்காலில் பாரம் விழாத இடத்திலிருந்து எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்பைத் துளைத்தெடுத்து இங்கே பதிப்பது. இதைக் கேட்டதும் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், எழுந்தே விட்டார். "கைக்கு வந்தா காலையும் அறுப்பீங்களா?" நியாயமான கோபம்தான். கடைசியில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், உள்ளே பார்த்து முடிவு பண்ணிக்கொள்வதாக. இது வழக்கம்தான், பயப்பட வேண்டாம், ஆனால் கையெழுத்துப் போடும் முன் எதற்கு எது என்று கேட்டுப் போடுங்கள்.

காலை அறுக்கவில்லை. குழி சின்னது, இரண்டாவது வழியிலேயே முடிந்தது. முழு மயக்கம், நாலு சின்னத் துளை, உள்ளே உப்புநீர் ஏற்றி மூட்டை விரித்து, பென்சில் தடிமன்கூட இல்லாத கேமரா. வெளியே வந்தபோது டாக்டர் ஒரு சின்ன டப்பாவில் எடுத்த துண்டைக் காட்டினார். பட்டாணி அளவு, ஒரு பக்கம் முத்து மாதிரி வழவழப்பு, இன்னொரு பக்கம் சொரசொரப்பாக மஞ்சள் படிந்து இருந்தது. மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா" என்றார்.

மயக்கம் தெளிந்ததும் டாக்டர் செய்த முதல் வேலையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பாப்பாவிடம் கட்டை விரலைத் தூக்கச் சொன்னார், ஐந்து விரலையும் விரிக்கச் சொன்னார், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போடச் சொன்னார். முழங்கையைச் சுற்றி முக்கியமான நரம்புகள் மூட்டை ஒட்டியே ஓடுகின்றன, இடித்தால் ஷாக் அடிக்குமே, அதுவும் ஒன்று. இந்த ஆபரேஷனில் பயப்பட வேண்டியதே அந்த நரம்புகளுக்குத்தான். சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் மரத்திருந்தது, சீக்கிரமே சரியாகிவிட்டது. அன்று ராத்திரி டியூட்டியில் இருந்த நர்ஸ் ஒவ்வொரு தடவை வரும்போதும் அதே மூன்று அசைவையும் செய்யச் சொல்லிப் பார்த்தார், தூங்குகிற பிள்ளையை எழுப்பிக்கூட. அதற்குத்தான் நான்கு மார்க். ஒன்றைக் குறைத்தது, கூட இருப்பவர் படுக்க ஒரு பெஞ்சுகூட இல்லை, அக்கா சேரிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

இப்போது பில். மாமா பெயரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, வருமானம் வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்கிற அந்த அட்டைதான். அட்டையை முதல் நாளே காட்டினோம். "பாத்துக்கலாம் சார், பாத்துக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அட்மிஷன் போட்ட அன்றைக்குச் சாயங்காலம் "இந்த ப்ரொசீஜருக்கு எங்ககிட்ட வராது" என்றார்கள். தக்காளி விலை சந்தையில் படுத்துக் கிடந்த நேரம், மாமாவுக்கு எப்படி இருந்திருக்கும். அட்டை இருந்தால் மட்டும் போதாது, அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, உங்களுக்குச் செய்யப்போகும் அந்தக் குறிப்பிட்ட சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, முன் அனுமதி வந்துவிட்டதா, மூன்றையும் அட்மிஷனுக்கு முன்னாலேயே கேளுங்கள், வாயால் சொன்னதை நம்பாதீர்கள்.

அடுத்தது எஸ்டிமேட். அதில் சர்ஜன், மயக்க டாக்டர், தியேட்டர், ரூம் எல்லாம் இருந்தது. கடைசி பில்லில் புதிதாகக் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரு வரி, அது ஒன்றே ரூம் வாடகையை விடப் பெரிது. கேட்டால், குருத்தெலும்பைச் சுரண்டுகிற ஷேவர் பிளேடு, சூட்டில் சுத்தம் பண்ணுகிற முனை, தண்ணீர் போகிற குழாய் செட், எல்லாம் ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுவதாம். சரி, போடுங்கள், நியாயம்தான், ஆனால் இதெல்லாம் இல்லாமல் இந்த ஆபரேஷனே நடக்காது என்று தெரிந்தவர்கள் எஸ்டிமேட்டில் ஏன் எழுதவில்லை? பதில் இல்லை. "மேனேஜர் வருவார்" என்றார்கள். வரவில்லை. கம்பெனி மெடிக்ளெய்ம் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், இந்த வரியில்தான் நிறைய பிடிப்பார்கள், தனித்தனியாகப் பிரித்து எழுதின பில் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது தொப்பூர் கணவாயில் வழக்கம் போல லாரி ஒன்று படுத்திருந்ததால் நெடுநேரம் நின்றோம். கைக்கு அடியில் தலையணை வைத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். காரில் கூட்டி வருகிறவர்கள் இரண்டு தலையணை எடுத்துப் போங்கள், ஒன்று போதாது.

இதற்கு மேல்தான் உண்மையான வேலை. ஆபரேஷன் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, அது டாக்டர் வேலை. கை நீளுவதும் மடங்குவதும் அதற்கப்புறம் தினமும் நடப்பது. உடனே அசைக்கத் தொடங்க வேண்டும், ஆனால் பாரம் ஏற்றக் கூடாது, கை ஊன்றி எழக்கூடக் கூடாது, புதிதாக வளர்வது நசுங்கிவிடும். அசைவு அதிகம், பாரம் சுத்தமாக இல்லை, அந்த நடுவாந்தரத்தில் பிள்ளையை மாதக்கணக்கில் பிடித்து வைக்க வேண்டும். இதற்கு வாரம் ஒரு தடவை சேலம் போய் வந்தால் ஆகாது. நாங்கள் முதலில் போன ஒரு பெரிய சென்டரில் (ஊர் பெயரும் வேண்டாம்) கையில் இரண்டு பேட் ஒட்டி, கரண்ட் மெஷினை ஆன் பண்ணி, டிவி பக்கம் திருப்பி உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மணி அடித்தால் கழற்றுவார்கள், காசு வாங்குவார்கள். கையை யாரும் தொடவே இல்லை.

அப்புறம்தான் தர்மபுரியில் ஒரு மாடிப்படி ஏறிப் போகிற சின்ன ரூம். ஒரு டேபிள், மேலே ஒரு கப்பி, கலர் கலராக ரப்பர் பட்டைகள், சுவரில் மங்கின எலும்புக்கூடு படம். இருப்பது ஒரே ஒரு பிசியோ, பாலக்கோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளை என்று தெரிந்து நேரத்தையும் பஸ்ஸுக்குத் தோதாகவே கொடுத்தார். வந்த முதல் நாள் ஸ்கூல் ஜியோமெட்ரி பாக்ஸில் இருப்பது போல ஒரு பெரிய கோணமானியை முழங்கையில் வைத்து அளந்து, நோட்டில் எழுதி, பாப்பாவையே அதில் கையெழுத்துப் போட வைத்தார். நீட்டுவதில் 30 டிகிரி குறை. அன்றாட வேலைக்கு 30லிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் போதும் என்பதுதான் பொதுவாகச் சொல்கிற அளவாம். "வீட்டு வேலைக்குப் போதும், ஈட்டிக்குப் போதாது, உனக்கு எது வேணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், அதற்கப்புறம் யாரும் அவளை விரட்ட வேண்டியிருக்கவில்லை.

மெஷின் எதுவும் கிடையாது. டேபிளில் இரண்டு கையையும் மல்லாக்க நீட்டி வைத்து, எந்தக் கைக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது என்று பார்க்கச் சொல்வார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகச் சொல்வார், காலி டம்ளர்தான், தண்ணீர் ஊற்ற விடமாட்டார். ஒரு நாள் பின்னால் கைவிட்டுத் தானே ஜடை பின்னச் சொன்னார், கோணலும் மாணலுமாக அவள் பின்னி முடித்ததை அவிழ்க்க விடாமல் அப்படியே பஸ் ஏற வைத்தார். வலிக்க வலிக்க இழுப்பது கிடையாது. "முழங்கையைச் சண்டை போட்டு நீட்டினா அது பதிலுக்குச் சண்டை போடும்" என்பார். ஆயா ஒரு நாள் கூடவே வந்து எண்ணெய் பாட்டிலை நீட்டினார். பிசியோ அதை வாங்கி, "தலைக்குத் தேய்ச்சு விடுங்க ஆயா, கைக்கு நான் இருக்கேன்" என்றார். ஆயாவுக்குக் கோபமும் வரவில்லை. இந்தத் திறமையை எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

குறை என்று பார்த்தால் மாடிப்படி செங்குத்து, கால் ஆபரேஷன் ஆனவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ரசீது கேட்டால்தான் தருவார். சாயங்காலம் கூட்டம் இருக்கும், உட்கார மூன்று சேர்தான். கட்டணம், அந்த மெஷின் சென்டரில் வாங்கியதில் பாதிக்கும் கீழே.

இப்போதைய நிலவரம்: நீட்டுவதில் 5 டிகிரிதான் குறை, மாட்டிக்கொள்வது அறவே இல்லை. ரப்பர் பட்டையில் பலம் ஏற்றுவது முடிந்து, டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து பிடிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஈட்டி இன்னும் கையில் இல்லை. எறிதலுக்குத் திரும்ப நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள், எங்கள் டாக்டர் காலண்டரைப் பார்க்காமல் எக்ஸ்ரேயையும் வலியையும் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன் என்கிறார். பி.டி. மிஸ் மட்டும் வாரா வாரம் போன் பண்ணி "எப்ப வருவா" என்று கேட்கிறார். போனை மாமா எடுப்பதே இல்லை, நான்தான் பேசுகிறேன்.

யாராவது இதே பிரச்சினைக்குச் சேலம் போவதாக இருந்தால்: முழங்கை பார்க்கிற டாக்டர் தினமும் வரமாட்டார், போனில் கேட்டு டோக்கன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் பேப்பரோடு நிறுத்திக்கொள்ளாமல் சிடியும் கேட்டு வாங்குங்கள், எங்கள் டாக்டர் பேப்பரைப் படிக்கவே இல்லை, சிடியைத்தான் போட்டார். கேன்டீனில் இட்லி பரவாயில்லை, சாம்பார் வேண்டாம்.